யாரைப் பற்றிப் புகாரோ, அவரிடமே புகார்

(கண்ணமங்கலத்தில் பட்டு உற்பத்தியாளர்களும் கடை, ஆலை உரிமையாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை நடக்கிற இடத்தில் எழும் சண்டை சச்சரவை முதலாளிகள் எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் கோபத்தை அடக்குவது, இனிமையாகப் பேசுவது, தொழிலாளியின் தோளில் கை போடுவது என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிரித்த முகத்தோடு கூலியில் 200 ரூபாய் பிடித்தாலும், வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்கும்போது 200 ரூபாய் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே மனசைப் பற்றிக் கொஞ்சமாகவும் தராசைப் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன்.

தராசு என்றதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. நல்லது. பாவும் ஊடையும் ஜரிகையும் உங்களிடமிருந்து எடை போட்டு நெசவாளர் வீட்டுக்குப் போகின்றன. சேலையாகித் திரும்பும்போது மறுபடி எடை. நடுவில் கழிவு இவ்வளவு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் கேள்வி வரும். "பட்டு எங்கே போச்சு?" என்று நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்பீர்கள். பரம்பரையாகத் தறிக்குழியில் கால் வைத்த குடும்பத்துக்காரர் காதில் அது "திருடினாயா?" என்று விழும்.

பட்டின் குணத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிற நூல். பட்டு வணிகத்தில் உலர் எடையோடு 11 சதவீத ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதே உலக வழக்கம். நம் ஊர்க் காற்று அந்தப் 11இல் கட்டுப்பட்டு நிற்குமா? சித்திரை வெயிலில் 8க்கு இறங்கும், ஐப்பசி மழையில் 12ஐத் தாண்டும். துளி ஈரமும் இல்லாதபோது 550 கிராம் இருக்கிற பட்டை 8 சதவீத ஈரத்தில் நிறுத்தால் 594 கிராம். 12 சதவீதத்தில் நிறுத்தால் 616. யார் கையும் படாமல் 22 கிராம் வித்தியாசம். மழை நாளில் நூலைக் கொடுத்து வெயில் நாளில் சேலையை வாங்கினால் நெசவாளர் திருடர். வெயிலில் கொடுத்து மழையில் வாங்கினால் அதே ஆள் யோக்கியர்! கோந்துக் கணக்கு தனி. கச்சாப் பட்டில் 20 முதல் 25 சதவீதம் கோந்துதான். வேகவைக்கும்போது அது கரைந்து போகிறது. எவ்வளவு போயிற்று என்று உற்பத்தியாளருக்கும் சாயப் பட்டறைக்கும் ஒரு தகராறு. அது தீராமலே நூல் தறிக்கு வந்துவிட்டால், கடைசியில் அந்தப் பழியும் தறிக்காரர் தலையில்.

இந்த வழக்கை யார் விசாரிக்கிறார்கள்? தராசு யார் வீட்டில் இருக்கிறதோ அவர். குற்றம் சாட்டுகிறவர், சாட்சி சொல்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவர், அபராதத்தைப் பிடித்துக்கொள்கிறவர் எல்லாம் ஒரே ஆள். நீங்கள் நேர்மையானவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் நேர்மையை எதிர்ப்பக்கம் சரிபார்த்துக்கொள்ள அங்கே வழி ஒன்றும் வைக்கவில்லையே.

பெரிய ஆலைகளில் வெடித்த தகராறுகளை எடுத்துப் பார்த்தாலும் அடியில் இதே கோளாறைப் பார்க்கலாம். தொழிலாளிக்கு ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறைக்குக் காரணமானவரிடமே போய் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அவர் சொல்வதில்லை. சொல்லாத குறை எங்கேயாவது வேறு வாசல் தேடிப் போகிறது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் ஆலை, கர்னாடிக் ஆலை என்று இருந்தன. 1918இல் அங்கே தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று சாப்பாட்டு நேரம். அரை மணி நேரம்தான். ஆயிரக்கணக்கான பேர் வாசலைக் கடந்து போய், வாயில் போட்டுக்கொண்டு, திரும்பி ஓடி வரவேண்டும். மேலே இருப்பவர்கள் திட்டுவது, அடிப்பது இன்னொரு குறை. யாரிடம் முறையிடுவது? அடிக்கிறவரிடமா? அந்தப் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒரு பக்திச் சபை. அங்கே சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் ஆலைக் கஷ்டத்தைப் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சபையோடு தொடர்புடைய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் காதுகொடுத்துக் கேட்டார்கள், பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் திரு.வி.க.வைத் தமிழ்த் தென்றல் என்று மட்டும் சொல்லித் தருகிறார்கள். ஆலை வாசலில் நின்று பேசிய திரு.வி.க.வை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பிறகு நடந்தது நீண்ட கதை. 1920இல் கதவடைப்பு. வாடியா மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். அதில் தொழிலாளர்கள் சாதி வாரியாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இவ்வளவுக்கும் பிறகு 1922இல் அதே ஆலைகளில், தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து குறைகளைப் பேசும் குழு ஒன்று அமைந்தது. இந்தியாவில் அமைந்த முதல் சில ஆலைக் குழுக்களில் அதுவும் ஒன்று. 1918இல் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம். வாடியா மேல் வாங்கிய தடையாணையும் நிர்வாகத்துக்கு நிலைத்த வெற்றியாக இல்லை. சங்கம் நடத்துகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதனாலேயே வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். விடுதியை நடத்தியது ஒப்பந்தக்காரர். சாப்பாட்டைப் பற்றிய முறையீடு விடுதிக்காரரைத் தாண்டிப் போக வழியில்லாவிட்டால், அது விடுதியிலேயே புதைந்துபோகும். அந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. கூட வேலை செய்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்று கைபேசிகளில் செய்தி பரவியது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நம்பும்படி சொல்ல ஆள் இல்லை. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனமே ஆள் அனுப்பிப் பார்த்து, விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று ஒரு வேளைச் சாப்பாட்டில் தடுக்கி விழுந்தது.

நம் பட்டுத் தொழிலுக்கு நேரடியாக ஒட்டிய கதையும் உண்டு. நீங்கள் நெய்து அனுப்புகிற சேலையைச் சென்னையிலோ வேலூரிலோ பிரித்துக் காட்டுகிற பெண் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தாள். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. கால் நரம்பு புடைத்துக்கொள்ளும். யாரிடம் சொல்வது? மாடி மேற்பார்வையாளரிடம். அவர் வேலையே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வது! கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018இல் சட்டத்தைத் திருத்தவைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது: கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட்டாக வேண்டும். ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால் வெட்கம் யாருக்கு? ஜவுளிக் கடைக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஸ்டூல் போட்டாயிற்றா என்று இப்போது கேட்கமாட்டேன். வெளியே போகும்போது கடையைப் பார்த்துக்கொண்டே போவேன்.

திண்டுக்கல் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லவேண்டும். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அதற்கு முன் மாதக்கணக்கில் அந்தப் பெண் தொல்லை அனுபவித்ததாகக் குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் சொன்னார்கள். மேற்பார்வையாளரைப் பற்றிய புகாரை மேற்பார்வையாளர் வழியாகத்தான் சொல்லவேண்டும் என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் அந்த ஆலையின் தாய்க் கம்பெனியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ். இன்னொரு பக்கம் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். துணி வாங்குகிற ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் தனியாகக் கட்டுப்பட்டன. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று. தையல் வரிசையில் 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குறை கேட்கிறவர் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். சொல்வதற்கு மாடி ஏற வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், பயப்பட வேண்டாம். கெட்ட வார்த்தை என்ற அளவில் இருக்கும்போதே விஷயம் வெளியே வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறை கேட்கக் குழு போடுகிறேன் என்று நமக்கு வேண்டியவர்களை மட்டும் உட்காரவைப்பது பழைய தந்திரம். 2024இல் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியக் கோரிக்கை, தொழிலாளர்கள் தாங்களே அமைத்த சங்கத்தை ஏற்கவேண்டும் என்பது. நிர்வாகம் நடுவில் தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு ஒப்பந்தம் போட்டது. அமைச்சர்களும் கூட இருந்தார்கள். வேலைநிறுத்தம் நின்றதா? நிற்கவில்லை. தெருவில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர் என்றால் எப்படி நிற்கும்? 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. சங்கம் வந்தால் தொழில் போய்விடும் என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. எனக்கு அந்தப் பயம் இல்லை. பேச எதிரே ஒரு ஆள் இருப்பது முதலாளிக்கு லாபம்தான். ஆள் இல்லாத கோபத்தோடு ஒப்பந்தம் போட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மேல் கூடாது. பெண்களுக்கு, மொத்தத் தொழிலாளர்களில் அவர்கள் விகிதத்துக்குக் குறையாத இடம். 30 நாளில் முடிக்கவேண்டும். பெண்கள் மேல் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் வருஷச் சட்டம். 10 பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு வேண்டும், அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், வெளி ஆள் ஒருவரும் அதில் இருக்கவேண்டும். 10 பேருக்குக் குறைவு என்றாலும், புகாரே முதலாளி மேல் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கிறது: முதலாளி மேலேயே புகார் வரலாம், அதை அவரிடமே கொடுக்கச் சொல்ல முடியாது.

சரி, இந்த மண்டபத்தில் 20 பேரை ஒரே கூரையின்கீழ் வேலைக்கு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அரிசி ஆலைக்காரர்கள் சிலர் இருக்கலாம். பட்டில் தறி நெசவாளர் வீட்டில் இருக்கிறது. கூரை அவருடையது, பாவு உங்களுடையது. இங்கே சண்டை கோஷமாக வராது. நெசவாளரும் உற்பத்தியாளரும் ஒரே தெருக்காரர்கள், பல சமயம் சொந்தக்காரர்கள். "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு எடையைப் பற்றி எப்படிச் சண்டை போடுவது? போடமாட்டார். சேலை ஒரு வாரம் தள்ளிப் போகும். பாவில் இழை அறுந்தது என்பார். வீட்டில் காய்ச்சல் என்பார். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவார், சாப்பிடாமல் போவார். ஒருநாள் இன்னொரு உற்பத்தியாளர் வந்து அவருடைய பாக்கியைக் கட்டிவிட்டுத் தறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அதுவும் இல்லையென்றால், அவர் பிள்ளை விடியற்காலையில் செய்யாறு சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான். அப்போது நாம் "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தறியில் உட்கார உடம்பு வணங்கவில்லை" என்று பேசிக்கொள்கிறோம். உடம்பு வணங்காதது ஒரு காரணம்தான். கணக்குத் தெரியாதது இன்னொரு காரணம். பஸ்ஸில் போகிறவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளச் சீட்டு வருகிறது. எதில் எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் அச்சடித்திருக்கிறது.

பாக்கி விஷயத்தை நாம் பேசுவதே இல்லை. முன்பணம் கொடுப்பது உதவிதான், ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேங்க்காரர் வருவதற்கு முன் நீங்கள்தான் வருகிறீர்கள். ஆனால் பாக்கி வாங்கியவர் குறை சொல்லமாட்டார். வாய் திறந்தால் "முதலில் பாக்கியைக் கட்டு" என்று பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். பாக்கி இருப்பதால் வேறு இடம் போகக் கூடாது என்று ஒருவரைக் கட்டிவைத்தால் அது கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976இன் எல்லைக்குள் போய்விடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பாக்கிப் பேச்சையும் எடைப் பேச்சையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். எடைத் தகராறு தீரும்வரை பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. இது பெரிய ஒழுக்கம், எளிதில்லை.

நான் கேட்டுக்கொள்வது சின்ன ஏற்பாடுகள்தான். உங்கள் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பட்டுச் சிட்டத்தை நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள். அதை யாரும் நெய்யப் போவதில்லை. நூலைக் கொடுக்கிற அன்று அந்தச் சிட்டத்தையும் நிறுத்து எழுதுங்கள். சேலை வாங்குகிற அன்றும் நிறுத்து எழுதுங்கள். சிட்டம் 100 கிராமிலிருந்து 97க்கு இறங்கியிருந்தால், சேலைப் பட்டிலும் 100க்கு 3 கிராம் காற்றோடு போனது என்று இருவருமே ஒப்புக்கொள்ளலாம். நெசவாளர் கண்ணெதிரே, அவர் வீட்டு நோட்டிலும் உங்கள் நோட்டிலும் ஒரே எண்ணை எழுதவேண்டும். இது ஒன்று நடந்தாலே பாதிச் சண்டை குறையும் என்று என் எண்ணம்.

பிறகு டேமேஜ். சேலையில் கறை, இழை விட்டது, கோர்வை பிசகியது என்று கூலியைக் குறைப்பது. ஆலைக்கும் கடைக்கும் பொருந்துகிற புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தில், பழைய 1936ஆம் வருஷச் சட்டத்திலிருந்து தொடர்கிற ஒரு விதி இருக்கிறது. காரணம் சொல்ல வாய்ப்புத் தராமல் அபராதம் போடக் கூடாது. அபராதம் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சேதத்துக்குப் பிடிப்பது உண்மையான நஷ்டத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டுத் தறிக்கு இது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நாம் வாதாடாமலே எடுத்துக்கொள்ளலாம். டேமேஜ் மதிப்பை நீங்கள் போடவேண்டாம். உங்களுக்கு நெய்யாத ஒரு மூத்த நெசவாளரும், அந்தச் சேலையில் பங்கில்லாத ஒரு உற்பத்தியாளரும் சேர்ந்து பார்க்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னது உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அந்தச் சேலைக்கு அதுதான் முடிவு. நாலைந்து தடவை உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்கு ஊரில் மரியாதை வரும்.

இரண்டு பேர் சேர்ந்து நெய்கிற இடத்தில், பாவு போடும் இடத்தில், ஆலையில் மூட்டை தூக்குகிற இடத்தில் தொழிலாளர்களுக்குள்ளேயே வருகிற சண்டை வேறு. அதில் முதலாளி பெரும்பாலும் அவசரப்பட்டு நடுவில் குதிக்கிறார், அல்லது மேஸ்திரி சொன்னதைக் கேட்டு ஒருவரை நிறுத்திவிடுகிறார். மேஸ்திரி ஒரு பக்கத்து உறவினராக இருப்பார், அதை அவர் சொல்லமாட்டார். இருவரையும் தனித்தனியாக, மேஸ்திரி இல்லாமல் கேளுங்கள். பெரும்பாலும் வேலைப் பங்கீட்டில் ஏதோ ஒரு அநியாயம் இருக்கும்: யாருக்கு நல்ல நூல், யாருக்கு முடிச்சு நூல், யாருக்கு முகூர்த்தச் சேலை, யாருக்கு ஆடி மாதச் சேலை. பங்கீட்டை முறை வைத்துச் சுற்றிவிட்டால் பாதிப் பேருக்குச் சண்டை போடக் காரணம் இருக்காது. மீதிப் பேருக்குச் சண்டை போடுவதில் ருசி. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

செலவை யார் ஏற்பது என்று கேட்பீர்கள். உற்பத்தியாளர்தான். சிட்டம் உங்களுடையது, நோட்டு உங்களுடையது, மதிப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்கும் தொகையை நெசவாளரிடம் பாதி பிடிக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கிற நீங்கள் சேர்ந்து செய்தால் இன்னும் மலிவு. தெருவுக்கு ஒரு பொதுத் தராசு வைத்து, அதைச் சங்கமோ கூட்டுறவோ பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தராசில் யார் உட்காருவது என்பதில்தான் முதல் சண்டை வரும். வரட்டும், அதை இங்கேயே போட்டு முடிப்போம். பின்னால் நெசவாளர்கள் சிலர் நிற்பது தெரிகிறது. முதல் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.